ஒரே ஆறு, எத்தனையோ பெயர்

இணையத்தில் தேடுவது என்றாலே தேடுபொறிப் பெட்டியில் நாலு சொல்லைத் தட்டி, முதலில் வந்து நிற்பதைத் திறப்பது என்று ஆகிவிட்டது. அதில் அகப்படவில்லை என்றால் ‘நெட்டில் இல்லை’ என்று முடிவுகட்டிவிடுகிறோம். பல நேரங்களில் அது இருக்கிறது. நாம் கேட்ட சொல்லில் இல்லை, அல்லது கேட்ட இடத்தில் இல்லை.

தாமிரபரணி வெள்ளங்களின் வரலாற்றைத் தேடுபவரை எடுத்துக்கொள்வோம். ‘ஆறு’ என்பது எண்ணும்தான். கட்டுரைகளுக்குள் அந்தச் சொல் ‘ஆற்றில்’, ‘ஆற்றங்கரை’ என்று உருமாறிக் கிடக்கும். இன்றைய தேடுபொறிகள் இதை ஓரளவு ஊகிக்கின்றன என்பது உண்மையே. ஆனால் தொடரை மேற்கோள்குறிக்குள் இட்டுத் தேடினால், எழுத்துக்கு எழுத்து அதேபோல உள்ளதைத்தான் கேட்கிறோம். ஆங்கிலத்தில் நன்றாகக் கைகொடுக்கும் இந்த உத்தி, வேற்றுமை உருபு ஒட்டிக்கொள்ளும் தமிழில் பலவற்றைத் தவறவிடும். ஆற்றின் பெயரோ தாமிரபரணி, தாமிரவருணி, பொருநை என்று பலவிதம். ஸ்டூவர்ட் 1879-இல் எழுதிய ஆங்கில மாவட்டக் கையேடும், கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட வரலாறும் அந்த ஆறு பாயும் திருநெல்வேலியை ‘டின்னவெல்லி’ என்றே குறிக்கின்றன. இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடுபவர் அவற்றின் பக்கத்திலேயே நடந்து, பாராமல் போய்விடக்கூடும். ஆவணத்தை எழுதியவர் எந்தச் சொல்லைப் போட்டிருப்பார் என்று முதலில் யோசிப்பதே பாதித் தேடல்.

மீதிப் பாதி, இடம். தமிழ் நூல்களை மின்வடிவில் தரும், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் தட்டச்சு செய்யப்பட்டவை. சொல்லைக் கொடுத்தே தேடலாம். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்துவைக்கும் ‘நூலகம்’ என்ற தளத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பெரும்பாலானவை பக்கங்களின் படங்கள். அங்கே உள்ளே இருக்கும் வரியைக் கேட்பதைவிட ஆசிரியர், தலைப்பு, ஆண்டு என்று நூலகப் பட்டியலைப் புரட்டுவதுபோலத் தேடுவதே பலன் தரும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் இன்னொரு வகை. திரையில் தெளிவான தமிழ்; ‘அம்மா’ என்ற சொல்லை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் நடுவே ஓர் அரைப்புள்ளியும் வந்து விழும். அந்த அரைப்புள்ளிதான் ‘ம்’மின் புள்ளி. யூனிகோடில் கேட்பவருக்கு அந்தக் கோப்பு எப்படி அகப்படும்? பட்டா, தேர்வு முடிவு போன்றவை தரவுத்தளத்துக்குள் இருப்பவை. அந்தந்தத் தளத்துக்கே போய்ப் புல எண்ணையோ பதிவெண்ணையோ கொடுக்காமல் வெளியே வராது.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஒரே பதிலாகச் சொல்லிவிடுகிறதே, இத்தனை அலைச்சல் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பொதுவாகத் தெரிந்த செய்திக்கு, புதிய துறையின் கலைச்சொற்களை அறிய, அது நல்ல துணை. ஆனால் படமாகவும் பழைய எழுத்துருவிலும் அடைந்துகிடக்கும் தமிழ் அதன் கண்ணில் பட்டிருக்கும் என்பதற்கு உறுதியில்லை. படாத இடத்தையும் அது சரளமான வாக்கியத்தால் நிரப்பிவிடக்கூடும். எந்த நூல், எந்தப் பக்கம் என்று கேட்டு, அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கும்வரை அதன் பதில் ஒரு துப்பு மட்டுமே. நேரமில்லாதவர் என்ன செய்வார் என்று கேட்டால், பேருந்து நேரத்துக்குத் தேடுபொறிப் பெட்டியே போதும். நிலம், மருந்து, வரலாறு என்று வரும்போது பத்து நிமிடம் கூடுதலாகச் செலவிடுவது வீணாகாது.

சொல்லே தேவைப்படாத தேடலும் உண்டு. மழைக்காலம் வந்தால் பழைய வெள்ளப் படங்கள் ‘இன்று காலை’ என்ற குறிப்போடு வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கும். அந்தப் படத்தையே தேடுபொறியில் ஏற்றினால், அது முன்பு வெளியான பக்கங்கள் வரக்கூடும். பக்கம் அழிக்கப்பட்டிருந்தால், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைத்து, 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் வேபேக் மெஷினில் அதன் முகவரியைக் கொடுத்துப் பார்க்கலாம். பழைய தேதி ஒன்று கிடைத்தால் படம் இன்றையது அல்ல என்பது உறுதி. எதுவும் கிடைக்காவிட்டால், அது இன்றையதுதான் என்று அதற்குப் பொருளில்லை.