கல்லிலே பதிந்த திசை



கோவைக்கு வடக்கே நீலகிரி மலை ஓங்கி நிற்கிறது. அம்மலைக்கு வடபுறம் மோயாறும் தென்புறம் பவானியும் ஓடிப் பவானிசாகரில் ஒன்றுகூடுகின்றன. இவ்விரு ஆறுகளின் பள்ளத்தாக்குகளும் தற்செயலாய் அமைந்தவை அல்ல. மிகப் பழங்காலத்தில், நிலத்தின் ஆழத்தே ஒரு பாறைத்தொகுதி மற்றொன்றை உரசிக்கொண்டு நகர்ந்தது. அவ்வாறு நசுங்கி நலிந்த பட்டைகளையே ஆறுகள் பெரும்பாலும் தமக்கு வழியாகக் கொண்டன. தெற்கே பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரிச் சமவெளி நோக்கிச் செல்லும் பட்டையும் இத்தகையதே. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியாவும் ஆப்பிரிக்காவும் மடகாஸ்கரும் அண்டார்க்டிகாவும் கோண்டுவானா என்னும் பெருநிலமாய் இணைந்த காலத்து நெருக்குதலை அது தாங்கியிருக்கிறது.

அந்த நெருக்குதல் எத்திசையிலிருந்து வந்தது? வரிவரியாய் அமைந்த பாறையானால் கண்ணே ஓரளவு விடை கூறும். ஆனால் நம் மலைகளில் மிகுந்துள்ள சார்னோக்கைட் என்னும் கரும்பாறையில் பல இடங்களில் வரி ஏதும் புலப்படுவதில்லை. அங்கேதான் காந்தம் துணைக்கு வருகிறது.

காந்த ஊசியையும் இரும்புத் தூளையும் கொண்டு முப்பதாண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தியவன் நான். ஆயினும் இதனை விளக்க ஆய்வுக்கூடத்தைவிட அடுக்களையே எளிது. முறுக்கு மாவில் சீரகம் கலந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பிசைந்த மாவில் சீரகம் பல திசைகளிலும் கிடக்கும். மாவைத் தட்டையாகத் தட்டினால் அது படுத்துக்கொள்ளும். உரலிலிட்டுப் பிழிந்தால், மாவு நீளும் வாக்கில் திரும்பி நிற்கும். பாறைக்குள் இருக்கும் மாக்னடைட் என்னும் இரும்புத்தாதுத் துகள்களும், மைக்கா போன்ற தகடுகளும், நெருக்குதலில் இவ்வாறே ஒழுங்குபடுகின்றன.

இவ்வொழுங்கை அளப்பது எவ்வாறு? ஏறத்தாழ ஓர் அங்குலக் குறுக்களவுள்ள உருளையாகக் கல்லைக் குடைந்தெடுத்து, மெல்லிய காந்தப்புலத்தில் பல திசைகளிலும் திருப்பி வைப்பார்கள். எத்திசையில் அது எளிதாகக் காந்தமாகிறது, எத்திசையில் அரிதாக ஆகிறது என்று பார்ப்பார்கள். இதுவே காந்த ஏற்புத்திறன். பொதுவாக, மிகுதியான ஏற்புள்ள திசை பாறை நீண்ட திசை. மிகக் குறைந்த ஏற்புள்ள திசை அது நசுக்கப்பட்ட திசை. 1954-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கிரகாம் இதனைப் பாறையமைப்பு ஆராயும் முறையாக எடுத்துரைத்தார்.

இதனைப் பாறையின் நிலைத்த காந்தத்தோடு குழப்பிக்கொள்ளலாகாது. 1950-களில் தக்காண எரிமலைப் பாறைகளில் அந்நிலைத்த காந்தத்தை அளந்தே, இந்தியா ஒருகாலத்தில் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்ததைக் கண்டனர். அது நிலம் பயணம் செய்த வரலாறு; இது நிலம் நெருக்குண்ட வரலாறு.

இம்முறைக்கும் எல்லை உண்டு. திசையை நம்பிக்கையோடு கூறலாம். எவ்வளவு நசுங்கியது என்பதைக் கூறுவது கடினம். தாதுக்களின் வகையும் அளவும் எண்ணை மாற்றிவிடும். பின்னால் வந்த நெருக்குதல் முன்னதன் அடையாளத்தை அழித்துவிடுதலும் உண்டு.

எல்லாவற்றிலும் முதன்மையானது ஒன்று. கல்லைக் குடைந்தெடுக்குமுன், அது நின்ற நிலையிலேயே வடதிசையையும் சாய்வையும் அதன்மேல் குறிக்க வேண்டும். சேலத்துக் கஞ்சமலைபோல் இரும்புத்தாது செறிந்த இடத்தில் காந்த ஊசியே தடுமாறும். அங்கே சூரியனின் நிழலைக்கொண்டு திசை காண்பார்கள். குறியில்லாத கல் ஆய்வுக்கூடத்தில் பேசும். ஆனால் அது சுட்டும் திசை நிலத்தில் எங்கே பொருந்தும் என்று யாராலும் கூற இயலாது.

காந்திபுரத்துப் பக்கம் வீடு கட்டும் இடங்களில் குவிந்து கிடக்கும் ஜல்லியைப் பாருங்கள். ஒவ்வொரு துண்டிலும் அந்தப் பழைய ஒழுங்கு அப்படியே இருக்கிறது, திசைதான் போயிற்று. வீடும் சாலையும் வேண்டும்; கல் உடைப்பதைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால் ஒரு குன்று முழுவதும் வெடிக்கு இரையாகுமுன், திசை குறித்த சில உருளைகளையேனும் எடுத்துப் பல்கலைக்கழகங்களில் வைத்தல் கூடாதா? செலவு சிறிது. ஜல்லியான குன்றை மீண்டும் நிறுத்தி வடக்கு எதுவென்று கேட்க எவராலும் இயலாது.