'உடம்பு சூடு' என்று மறைக்காதீர்கள்... ஆண்களின் அந்தரங்க அரிப்பு சொல்லும் சேதி!

பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஏதாவது ஒரு மெடிக்கல் ஷாப் முன்னால் சாயங்கால நேரத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கூட்டம் கலையட்டும் என்று ஓரமாகக் காத்திருக்கும் ஒருவர், கடைசியில் குரலைத் தாழ்த்தி, "தம்பி, அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் குடு" என்பார். எங்கே அரிப்பு என்று அவரும் சொல்ல மாட்டார், கடைக்காரரும் கேட்க மாட்டார். ஒரு ட்யூப் கைமாறும். பத்து நாளில் சரியாகும், அடுத்த மாதம் திரும்ப வரும்.

சுண்ணாம்புக்கல் லாரியில் நாள் முழுக்க இன்ஜின் சூட்டில் உட்கார்ந்திருப்பவரும், மக்காச்சோளக் காட்டில் வேர்த்து நனைபவரும் இதற்கு வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்: 'உடம்பு சூடு'. இளநீர் குடிப்பார்கள், எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். ஆனால், பல நேரங்களில் காரணம் சூடு அல்ல, 'கேண்டிடா' என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை.

பெண்களுக்கு மட்டும்தானே வரும்?

இல்லை. இந்தப் பூஞ்சை நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் தோல் மடிப்பிலும் சாதுவாக இருப்பதுதான். ஈரமும் கதகதப்பும் சர்க்கரையும் கிடைத்தால் பெருகிவிடும். ஆண்களுக்குப் பெரும்பாலும் ஆணுறுப்பின் முனையிலும் முன்தோலுக்கு அடியிலும் தொடை இடுக்கிலும் வரும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* ஆணுறுப்பின் முனை சிவந்து பளபளப்பாக இருக்கும். சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் தெரியலாம்.
* அரிப்பு, எரிச்சல் இருக்கும். சிறுநீர் படும்போதும் தாம்பத்தியத்தின் போதும் எரிச்சல் கூடும்.
* முன்தோலுக்கு அடியில் தயிர்த் திப்பி போல வெள்ளையாகப் படியும். வாடையும் இருக்கலாம்.
* முன்தோல் ஓரத்தில் மெல்லிய வெடிப்புகள் வரும். தோலைப் பின்னுக்குத் தள்ளுவது சிரமமாகும்.
* தொடை இடுக்கில் வந்தால், ஈரமாகச் சிவந்த திட்டும், அதைச் சுற்றிக் கடுகு தூவினாற்போலப் புள்ளிகளும் இருக்கும்.

பலர் இதைப் படர்தாமரையோடு குழப்பிக்கொள்கிறார்கள். படர்தாமரை பொதுவாக வட்டமாகப் பரவும். ஓரம் தடித்துச் செதில் செதிலாகவும் நடுப்பகுதி தெளிந்தும் இருக்கும். பெரும்பாலும் விதைப்பையை விட்டுவிடும். ஈஸ்ட்டோ விதைப்பையையும் சேர்த்துப் பிடிக்கும். இரண்டுக்கும் சிகிச்சை ஒன்றல்ல என்பதால், மருத்துவர் நேரில் பார்ப்பதுதான் நல்லது.

அரிப்புக்கும் சர்க்கரைக்கும் என்ன தொடர்பு?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால், இதை வையுங்கள். ரத்தத்தில் சர்க்கரை கூடினால் சிறுநீரிலும் சர்க்கரை இறங்கும். அந்த ஈரம்தான் பூஞ்சைக்கு விருந்து. தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதே தெரியாத ஆண்கள் பலருக்கு, முதல் அறிகுறியாக வருவதே இந்த அரிப்புதான்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் - இந்தியாப் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் இது வயது வந்தோரில் 14.4 சதவிகிதம். அதாவது, ஏழு பேரில் ஒருவர். அதனால், அரிப்பு ஒரு தடவைக்கு மேல் வந்தால் க்ரீமுக்கு முன்னால் சர்க்கரைப் பரிசோதனை. வெறும் வயிற்றில் 126-ஐத் தொட்டாலோ, மூன்று மாதச் சராசரி 6.5-ஐத் தொட்டாலோ அது சர்க்கரை நோய் அளவு. மருத்துவர் இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார்.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மருந்துகள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்பவை. ஆனால், இந்த அரிப்பு அவற்றின் தெரிந்த பக்கவிளைவு. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். சமீபத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டது, உடல் பருமன், எதிர்ப்பு சக்தி குறைவு ஆகியவையும் காரணமாகலாம்.

அந்த ட்யூபில் என்ன இருக்கிறது?

பெயர் சொல்லாமல் வாங்கும் பல க்ரீம்களில் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். ஆனால், பூஞ்சை உள்ளே பரவும், தோல் மெலியும். 2018-லேயே 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு கொண்டுவந்தது. உண்மையான ஈஸ்ட்டுக்கு க்ளோட்ரிமசோல் போன்ற பூஞ்சை எதிர்ப்பு க்ரீம், மருத்துவர் சொன்னால் ஒரு மாத்திரை, பெரும்பாலும் இவ்வளவுதான் சிகிச்சை. இரண்டு வாரத்தில் குணமாகும்.

வெதுவெதுப்பான நீரில் மென்மையாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, தளர்வான பருத்தி உள்ளாடை அணியுங்கள். கிருமிநாசினியும் வாசனை சோப்பும் வேண்டாம். உப்பு, எலுமிச்சை வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

வீட்டில் சந்தேகம் வேண்டாம்

இது பால்வினை நோய்ப் பட்டியலில் இல்லை. வந்துவிட்டதாலேயே யாரும் தப்பு செய்தவர் ஆகிவிட மாட்டார். உறவின் மூலம் சில நேரம் பரவலாம் என்பதால், மனைவிக்கும் அரிப்போ வெள்ளைப்படுதலோ இருந்தால் இருவருமே சிகிச்சை எடுங்கள். குணமாகும்வரை உறவைத் தள்ளிப்போடுங்கள்.

ஆனால் புண், சீழ், ஆறாத கட்டி இருந்தாலும், இரண்டு வாரத்தில் குறையாவிட்டாலும் உடனே மருத்துவரைப் பாருங்கள். பின்னுக்குப் போன முன்தோல் திரும்பாமல் வீங்கினாலோ, சர்க்கரை நோயாளிக்கு அந்த இடத்தில் கடும் வலி, வீக்கம், காய்ச்சல், தோல் கறுத்துப்போதல் இருந்தாலோ அது அவசர சிகிச்சை. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பெரம்பலூரில் மாவட்ட அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. அரியலூரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரை பார்த்துவிடலாம். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 104-க்கு போன் செய்து ஆலோசனை கேளுங்கள்.

அப்பாவோ, அண்ணனோ, கணவரோ ஆயின்மென்ட் ட்யூபை அலமாரியில் ஒளித்து வைத்திருந்தால், கேலி செய்யாமல் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "சுகர் டெஸ்ட் எடுத்தாச்சா?"