கரிசல் காட்டில் ஒண்டுக் குடித்தனம்

ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: அடுத்தவள் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் நாம் குழாயடிக்குப் போகாமல் இருந்தாலே பாதிச் சண்டை மிச்சம்! இந்தச் சூட்சுமத்தை நம்மைவிட நன்றாகக் கற்றவர்கள் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் காட்டில் இருக்கிறார்கள்.

விருதுநகரிலிருந்து மானாமதுரைக்கு ரயிலில் போனால், திருச்சுழி தாண்டியதும் நரிக்குடி என்றே ஒரு ஸ்டேஷன் வரும். ஆனால் அந்தச் சீமையில் நரி ஓர் இனமல்ல, இரண்டு.

பெரியது நரி. 8 முதல் 10 கிலோ இருக்கும். பொழுது சாய்ந்ததும் கூட்டமாக ஊளையிடுவது இதுதான். சின்னது குழிநரி. 2, 3 கிலோதான். ஏறக்குறைய வீட்டுப் பூனையின் எடை. புசுபுசுவென்ற வாலின் நுனி மட்டும் கறுப்பு.

இருவரும் எப்படி ஒத்துப்போகிறார்கள்? எலியிலும் இலந்தைப் பழத்திலும் இருவருக்கும் பங்கு உண்டு. ஆனால் செத்த மாடு, அசந்தால் கோழி என்று நரியின் கை நீளம். குழிநரியோ கறையான், வண்டு, வெட்டுக்கிளியிலேயே காலம் தள்ளிவிடும். நரிக்கு வீடு புதரும் ஓடைக் கரையும். குழிநரி வெட்டவெளி மேட்டில் வளை தோண்டி, ஒன்றுக்கு நாலு வாசல் வைத்துக்கொள்ளும். பெரியவர் ஒரு வாசலில் வந்தால் சின்னவர் மறு வாசலில் நழுவிவிடலாமே!

அமெரிக்காவிலும் இதே கதைதான். யெல்லோஸ்டோன் பூங்காவில் ஓநாய்களை மனிதர்கள் 1926-க்குள் ஒழித்துவிட, அதன் சின்னத் தாயாதியான கொயோட் ராஜாவாக உலாவியது. 1995, 1996-ல் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். சில வருஷங்களில் பூங்காவின் வடபகுதியில் கொயோட்டுகள் ஏறக்குறைய பாதியாகிவிட்டன. ஆனாலும் அழியவில்லை. ஓநாய் தின்ற மிச்சத்தை, ஒரு கண் பின்னால் வைத்தபடி தின்று பிழைக்கின்றன.

நம் காட்டில் இந்த ஒழுங்கைக் குலைப்பது மூன்றாவது குடித்தனம் ஒன்று. அதுதான் நாய்! நம் எச்சில் சோற்றில் வளர்ந்து, பசியில்லாவிட்டாலும் துரத்துகிறது. நாய்கள் திரியும் இடத்தைக் குழிநரிகள் ஒதுக்கிவிடுவதை மகாராஷ்டிரத்துப் புல்வெளிகளில் ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். இரை இருந்தும் பட்டினி! போதாததற்கு, வெறிநோயும் நாயிடமிருந்து தொற்றுகிறது.

நாய்க்குச் சோறு போடுவது புண்ணியந்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, 'நாய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்றா? ராத்திரியில் கட்டிப் போடுகிறீர்களா?' என்று மட்டும் கேட்டு வையுங்கள். நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம் என்கிறோமே, விழிப்பதற்கு நரி இருக்க வேண்டாமா?