யானைகளின் வலசைப் பாதைகளும் அவற்றைக் காக்கும் முயற்சிகளும்

வளர்ந்த யானையொன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோகிராம் பசுந்தீவனத்தை உட்கொள்கிறது. நூறு லிட்டருக்குக் குறையாத நீரைப் பருகுகிறது. இரவும் பகலுமாக உள்ள இருபத்துநான்கு மணி நேரத்தில் பெரும்பகுதியை அது மேய்ச்சலிலேயே கழிக்கிறது. இத்தகைய பிராணியின் கூட்டமொன்று ஆண்டு முழுவதும் ஒரே காட்டில் தங்கியிருப்பின் அக்காடு சில மாதங்களிலேயே வெறுமையாகிவிடும். ஆகையால், மழை பெய்யும் திசையையும் புல் தளிர்க்கும் காலத்தையும் பின்பற்றி யானைகள் இடம்விட்டு இடம் செல்கின்றன. தென்னாட்டில், தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குச் சரிவுகளை நனைக்கிறது. வடகிழக்குப் பருவமழை அதற்குப் பின்னர் கிழக்குக் காடுகளுக்கு உயிரூட்டுகிறது. இவ்விரு மழைகளுக்கும் இடையே யானைகளின் ஆண்டுப் பிரயாணம் நடைபெறுகிறது. கூட்டத்தின் மூத்த பெண் யானை வழிகாட்டியாகச் செல்கிறது. கன்றுகள் அதன் பின்னே நடந்தே பாதையைக் கற்றுக்கொள்கின்றன.

இப்பிரயாணத்தை ‘வலசை போதல்’ என்பது தமிழ் வழக்கு. மக்கள் ஒரு நாட்டைவிட்டு மற்றொரு நாட்டுக்குக் குடிபெயர்வதையும் அச்சொல் முன்னர் குறித்தது. இக்காலத்து ஆங்கில அறிக்கைகளில் வழங்கும் ‘காரிடார்’ என்னும் சொல்லோ கட்டிடத்தின் உட்பாதையைக் குறிப்பது. பழைய வீடுகளில் வாயிலையும் கூடத்தையும் இணைக்கும் ரேழியை நினைவுகூர்ந்தால் அச்சொல்லின் பொருத்தம் விளங்கும். ரேழி எவரும் வசிக்கும் அறையன்று, அளவிலும் சிறியது. ஆயினும் அதில் மூட்டைகளை அடுக்கிவிட்டால் வீடு முழுவதுமே பயனற்றதாகிவிடும். இரண்டு பெருங்காடுகளை இணைக்கும் குறுகிய நிலப்பகுதியும் இவ்வாறானதே.

சுதந்திரத்துக்குப் பின்னர் வனவிலங்குப் பாதுகாப்புக்கென அரசாங்கம் எடுத்த நடவடிக்கைகள் முதலில் பெரிய அறைகளையே நோக்கின எனலாம். 1972 இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1973 இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. 1977 இல் யானை அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. தேசியப் பூங்காக்களும் சரணாலயங்களும் பல்கின. ஆனால் அவற்றின் எல்லைக்கோடுகள் வரைபடத்தில் இருந்தனவே தவிர, யானைகள் அவற்றை அறிந்திருக்கவில்லை. 1992 இல் மத்திய அரசாங்கம் தில்லியிலிருந்து தொடங்கிய ‘யானைத் திட்டம்’ இக்குறையை உணர்ந்து, யானைகளோடு அவற்றின் வாழிடங்களையும் வழித்தடங்களையும் பாதுகாப்பதைத் தன் நோக்கங்களில் ஒன்றாக அறிவித்தது. 2010 இல் யானை தேசியப் பாரம்பரிய விலங்காக அறிவிக்கப்பட்டது.

பாதுகாக்கவேண்டுமெனில் வழித்தடங்கள் எங்கெங்கே உள்ளன என்பது தெரியவேண்டும். இந்திய வனவிலங்கு அறக்கட்டளை 2005 இல் வெளியிட்ட நூலில் 88 வழித்தடங்கள் குறிக்கப்பெற்றன. 2017 இல் அத்தொகை 101 ஆயிற்று. பின்னர், மாநில வன இலாகாக்களும் டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனமும் தலந்தோறும் சென்று சரிபார்த்த பட்டியலை மத்திய அரசாங்கம் 2023 இல் வெளியிட்டது. அதில் 15 மாநிலங்களிலுள்ள 150 வழித்தடங்கள் இடம்பெற்றுள்ளன. மேற்கு வங்காளத்தில் மட்டும் 26 உள்ளன. ஏறத்தாழ நூற்றுக்கு 40 வழித்தடங்களில் யானைகளின் நடமாட்டம் பெருகியுள்ளது. 19 சதவீதத்தில் குறைந்துள்ளது. 10 சதவீதம் சீர்குலைந்த நிலையில் உள்ளன.

இவ்வெண்களைப் படிக்கும்போது எச்சரிக்கை தேவை. பட்டியல் நீண்டிருப்பது காடு பெருகியிருப்பதற்கு அடையாளமன்று. அகன்று கிடந்த காடு துண்டுபட்டு, இடையில் ஒரு கீற்று மட்டும் எஞ்சும்போது அக்கீற்று வழித்தடம் எனப் பெயர் பெறுகிறது. நடமாட்டம் பெருகியிருப்பதும் எல்லா இடங்களிலும் நற்செய்தியாகாது. பழைய காடுகள் கெட்டதால் யானைகள் புதிய பகுதிகளை நாடுவதையும் அது குறிக்கக்கூடும்.

சட்டத்தின் நிலை யாது? புலிகளைப் பொறுத்தவரை 2006 ஆம் ஆண்டின் திருத்தம் ஓரளவு தெளிவாகவே உள்ளது. ஒரு காப்பகத்தை மற்றொரு பாதுகாக்கப்பட்ட பகுதியுடன் இணைக்கும் நிலங்களைக் கேடு விளைவிக்கும் உபயோகங்களுக்குத் திருப்புதல் கூடாது; பொதுநலன் கருதித் திருப்பவேண்டின், தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் ஆலோசனையும் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும். யானை வழித்தடத்துக்கோ இத்தகைய தனி விதி கிடையாது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளை இணைக்கும் அரசாங்க நிலங்களை, உள்ளூர் மக்களைக் கலந்தாலோசித்துப் ‘பாதுகாப்புக் காப்பகம்’ என மாநில அரசாங்கம் அறிவிக்கலாம் என 2002 ஆம் ஆண்டின் திருத்தம் கூறுகிறது. ஆனால் வழித்தடங்களில் மிகக் குறுகலான, மிக முக்கியமான பகுதி பெரும்பாலும் அரசாங்க நிலமாக இருப்பதில்லை. அது பட்டா நிலமாகவோ, தேயிலைத் தோட்டமாகவோ, இரயில் பாதையாகவோ, வேறோர் இலாகாவின் உடைமையாகவோ இருக்கிறது. இதுவே தொல்லையின் வேர்.

இதற்கு ஓர் உதாரணம் தில்லிக்கு அண்மையிலேயே உள்ளது. தலைநகரிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், ஹரித்துவாரை ஒட்டி அமைந்த ராஜாஜி காட்டைக் கங்கை நதி கிழக்கும் மேற்குமாகப் பிரிக்கிறது. இந்தியாவில் யானைகள் பரவியுள்ள நிலப்பரப்பின் வடமேற்கு எல்லை இப்பகுதியே. சில்லா, மோதிச்சூர் என்னும் இரு வனச்சரகங்களுக்கு இடையே யானைகள் நதியைக் கடந்து சென்றுவந்தன. காலப்போக்கில் அப்பாதையின் குறுக்கே நெடுஞ்சாலையும் இரயில் பாதையும் பரபரப்படைந்தன. இராணுவத்தின் வெடிமருந்துக் கிடங்கு அமைந்தது. கண்ட்காவ் என்னும் குடியிருப்பும் தோன்றியது. அங்கே குடியேற்றப்பட்டோர் டெஹ்ரி அணையினால் தம் ஊரை இழந்தவர்கள். ஒரு பொதுக்காரியத்துக்காக வீட்டை விட்ட அம்மக்கள், மற்றொரு பொதுக்காரியத்துக்காக மறுபடியும் பெயர நேர்ந்தது. அவர்களுக்கு மாற்றிடம் அளிக்கப்பட்டு, சாலைக்கு மேம்பாலமும் கட்டப்பட்டது. எனினும் இதற்குள் பல ஆண்டுகள் கழிந்துவிட்டன. கிழக்குப் பகுதியில் புலிகள் பெருகியிருக்க, மேற்குப் பகுதியில் இரண்டு பெண் புலிகளே நெடுங்காலம் தனித்து வாழ்ந்தன. இறுதியில், 2020 டிசம்பர் முதற்கொண்டு கார்பெட் காப்பகத்திலிருந்து புலிகளை மயக்கமருந்து செலுத்திப் பிடித்து, வண்டியிலேற்றி மேற்குப் பகுதியில் விட வேண்டியதாயிற்று. பாதை திறந்திருந்தால் இந்தச் செலவும் சிரமமும் தேவைப்பட்டிருக்குமா என்பது கேட்கத்தக்க கேள்வி.

தமிழ்நாட்டில் இதனினும் அதிக வாதப் பிரதிவாதங்களுக்கு உள்ளானது நீலகிரியின் சீகூர் பீடபூமி. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளும் கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளும் சந்திக்குமிடம் இது. மேற்கே முதுமலையும் பந்திப்பூரும், கிழக்கே சத்தியமங்கலம். தெற்கே நீலகிரியின் செங்குத்தான சரிவு சுவர்போல் எழுகிறது. வடக்கே மோயாற்றின் ஆழ்ந்த பள்ளத்தாக்கு. செங்குத்தான சரிவுகளில் யானைக்கூட்டம் கன்றுகளுடன் ஏறுவது அரிது. எனவே நடுவிலுள்ள தட்டையான நிலமே அவற்றுக்கு எஞ்சிய வழி. அந்நிலத்திலேதான் மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் முதலிய ஊர்களும், நீர்மின் திட்டக் கால்வாய்களும், பிற்காலத்தில் உல்லாச விடுதிகளும் அமைந்தன. ஒரு விடுதி தன் எல்லையில் மின்வேலி அமைத்தால், அங்கே திரும்பும் யானை அடுத்துள்ள குடியானவரின் வயலில் நுழைகிறது. வேலி போட்டவரன்றி வேலியில்லாதவரே நஷ்டமடைகிறார்.

தமிழக அரசாங்கம் 2010 ஆகஸ்டில் இவ்வழித்தடத்தை அறிவிக்கை செய்தது. நில உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரலில் அறிவிக்கை செல்லும் எனத் தீர்ப்பளித்தது. வழக்கு தில்லிக்குச் சென்றது. 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்து, தனிப்பட்டோரின் ஆட்சேபணைகளை விசாரிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் குழுவொன்றை நியமித்தது. அறிவிக்கைக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே சென்ற காலம் பத்து ஆண்டுகள். அதற்குப் பின் மூன்று மாதங்கூட ஆகாத நிலையில், 2021 ஜனவரியில், மசினகுடியில் ஓர் ஆண் யானையின்மேல் எரியும் பொருள் வீசப்பட்டது. காதில் தீக்காயத்துடன் அது மாண்டது. தீர்ப்பு வேறு, தரையில் நடப்பது வேறு என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஐந்நூறு பேர் யானைகளால் உயிரிழக்கின்றனர். அவர்களிற் பெரும்பாலோர் ஏழைகள். சீகூரில் இருளரும் குறும்பரும் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு அளித்துள்ள உரிமையும் சட்டமே. 2024 இல் தமிழ்நாட்டுக்கென 42 வழித்தடங்களைக் குறிக்கும் வரைவறிக்கை வெளியானபோது கூடலூர்ப் பகுதியில் பலத்த எதிர்ப்பு எழுந்தது. தம் வீடு எந்தக் கோட்டுக்குள் விழுகிறது, விழுந்தால் என்னவாகும் என்பவற்றைத் தமக்கு விளங்கும் மொழியில் முன்னதாகவே எடுத்துரைக்கப்பெறாத மக்கள் வரைபடத்தைக் கண்டு அஞ்சுவது இயல்பேயாம்.

சாலைகளையும் இரயில் பாதைகளையும் முற்றிலும் தவிர்த்தல் இயலாத இடங்களில் பொறியியல் உதவுகிறது. நாக்பூருக்கு வடக்கே பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிச் செல்லும் 44 ஆம் எண் நெடுஞ்சாலையில், விலங்குகள் அடியில் செல்லும்படி ஒன்பது அமைப்புகள் கட்டப்பட்டுள்ளன. மிக நீண்டது 750 மீட்டர். 2019 இல் தானியங்கிப் புகைப்படக் கருவிகள் வைத்துப் பார்த்ததில் 18 வகை விலங்குகள் அவற்றைப் பயன்படுத்தியது தெரியவந்தது. கோயம்புத்தூரை அடுத்த மதுக்கரையில் இரயில் மோதி யானைகள் இறப்பதைத் தடுக்க, 2024 பிப்ரவரியில் கோபுரங்களில் காமிராக்கள் பொருத்தப்பட்டன. யானை தண்டவாளத்தை நெருங்கினால் அதைக் கணிப்பொறி கண்டறிந்து, இரயில்வே உத்தியோகஸ்தர்களுக்கும் வன இலாகாவினருக்கும் உடனே தகவல் அனுப்புகிறது.

கருவிகள் இல்லாத இடங்களில் களப்பணியாளரின் குறிப்பேடே முதற் சான்று. வழித்தடம் மெய்யாகவே பயன்படுகிறதா என்னும் கேள்வி நீதிமன்றத்தில் எழும்போது, எந்த நாளில், எந்த இடத்தில், எத்தனை யானைகள் கடந்தன என்னும் பதிவே பேசும். இலத்தியின் ஈரம், மரப்பட்டையில் யானை உரசிய சேற்றின் உயரம், வேலி ஒடிந்த திசை ஆகியன குறிக்கத்தக்கவை. அடிச்சுவடு தெளிவாகப் பதிந்திருந்தால், முன்னங்காற் சுவட்டின் சுற்றளவை ஒரு கயிற்றால் அளந்து இருமடங்காக்க, தோள்வரையுள்ள உயரம் ஏறத்தாழக் கிடைக்கும். சுவடு 120 சென்டிமீட்டர் சுற்றளவுடையதாயின், அவ்வழியே சென்றது சுமார் 240 சென்டிமீட்டர் உயரமுள்ள யானை. காட்டோரப் பள்ளிகளில் மாணவர்கள் ஆசிரியரின் மேற்பார்வையில், வனக்காவலர் உடனிருக்க, நன்கு விடிந்தபின் இவ்வளவையைச் செய்து பார்க்கலாம்.