கேரியரில் உட்கார்ந்திருந்தவர்

வடசென்னை முகங்கள் – 7

எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய நெட்டுக்குப்பத்தில் தொடங்கி ராயபுரம் வரை நீளும் கரைக்குத் தமிழ் சினிமா பெரும்பாலும் கொடுத்தது கத்தியும் கானாவும்தான். 2021 ஜூலையில் பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ ஓடிடியில் வந்தபோது, குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கும் கழகக்காரர் ஒருவர் அந்தப் பட்டியலைக் கலைத்துப் போட்டார். ரங்கன் வாத்தியார். ஆர்யா சைக்கிள் மிதிக்க, பின்னால் கேரியரில் அவர் உட்கார்ந்து போகும் காட்சியை வைத்து மீம்கள் பறந்தன.

உட்கார்ந்திருந்தவர் பசுபதி.

ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையில் உருவானவர் அவர். புரிசைத் தெருக்கூத்தைப் பார்த்து வியந்த முத்துசாமி, நடிகனின் உடம்பையும் குரலையும் முதலில் பழக்கிய மனிதர். அங்கே பல ஆண்டுகள் நாடகம். பிறகு நாசர் மூலம் கமல்ஹாசனின் அறிமுகம். பசுபதிக்கும் வேடம் இருந்த கமலின் படம், 1997இல் எலிசபெத் ராணி வந்து தொடங்கிவைத்த ‘மருதநாயகம்’, பாதியில் நின்றுபோனது. ஆனால் கமல் ஆளை மறக்கவில்லை.

2004 பொங்கலுக்கு ‘விருமாண்டி’. ஒரே கதையை இரண்டு கைதிகள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். கொத்தாளத் தேவர் (பசுபதி) சொல்லும்போது அவர்தான் நியாயஸ்தர், விருமாண்டி (கமல்) முரடன். விருமாண்டி சொல்லும்போது எல்லாம் தலைகீழ். சாதாரண நடிகர் என்றால் இரண்டாவது பாதியில் புருவத்தை உயர்த்தி, பல்லைக் கடித்து வில்லனாகியிருப்பார். பசுபதியிடம் அதே பணிவு, அதே சிரிப்பு. அவற்றுக்கு உள்ளே இருக்கும் கணக்கு மட்டும் நமக்கு இப்போது தெரிகிறது. வில்லன் வேடத்தில் இவ்வளவு நுட்பம் நம்மிடம் அரிது.

அதற்குப் பிறகும் ‘திருப்பாச்சி’யில் பட்டாசு பாலுதான்! கேட்டது ரவுடி, கொடுத்ததும் ரவுடி.

2006இல் வசந்தபாலனின் ‘வெயில்’ நியாயம் செய்தது. சிறுவயதில் வீட்டைவிட்டு ஓடி, சினிமா தியேட்டரில் வளர்ந்து, தோற்றுத் திரும்பும் முருகேசன். அந்தப் படம் தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. ‘குசேலன்’ படத்தின் நாயகன் இவர்தான். சுவரொட்டியை நிறைத்தவர் ரஜினி. ‘அசுரன்’ வருவதற்குள் பல வருடங்கள் வீணாயின என்பதே என் கட்சி.

ரங்கன், சொந்த மகனை ஒதுக்கிவிட்டு வேறொருவனை மேடையேற்றும் வாத்தியார். நெருக்கடி நிலைக் காலத்தில், ஆட்டம் நடக்கும்போதே போலீஸ் வந்து அவரைக் கைது செய்கிறது. பசுபதி கத்தவில்லை. படம் முழுக்க அவர் அதிகம் செய்வது கவனிப்பதுதான்: ரிங்கின் மூலையில் நின்று, அடுத்தவன் கால் எப்படி நகர்கிறது என்று பார்ப்பது. நாயகனைப் பார்த்துக்கொண்டே நாயகனைவிடப் பெரிதாகத் தெரிவது சுலபமான வேலையல்ல. கூட்டாக நடித்துப் பழகிய நாடகக்காரர்களுக்கு அது கைவரும்.

நேரம் கிடைத்தால் ‘விருமாண்டி’யை மறுபடி போட்டுப் பாருங்கள். இந்த முறை கமலை விட்டுவிட்டு, கொத்தாளத் தேவரை மட்டும் பாருங்கள்.