பனிக்கு அடியில் போன ‘ரான்’

கடல்மட்டம் உயருதுன்னு செய்தியில் கேட்கிறோம். அண்டார்டிகாவில் பனி கரைவது அதற்கு ஒரு காரணம். அங்கே டாட்சன் என்னும் பெரிய பனித்தட்டு கடலில் மிதக்கிறது. நிலத்துப் பனி கடலில் சரியாமல் முட்டுக்கொடுத்து நிற்பது அதுதான். அது அடியில் கரைந்தால் முட்டு தளர்ந்துவிடும்.

அந்த அடிப்பக்கத்தை யார் போய்ப் பார்ப்பது? மனுஷங்க போக முடியாது. ரேடியோ அலையும் கடல்நீருக்குள் எட்டாது. அதனால் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்த வழியில் தானாகப் போய்த் திரும்பும் இயந்திரத்தை அனுப்பினாங்க. சுவீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியை அன்னா வாலின் இந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். இயந்திரத்தின் பெயர் ‘ரான்’. அது அந்தப் பக்கத்துப் பழங்கதைகளில் வரும் கடல் தேவதையின் பெயர்.

2022-ல் ரான் 27 நாளில் 1,000 கிலோமீட்டருக்கு மேல் சுற்றியது. ஒலியை மேல்நோக்கி அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்துப் பனியின் அடியைப் படமாக்கியது. நீரோட்டம் வேகமாக ஓடும் மேற்குப் பக்கம் அதிகம் கரைவது அதில் தெரிந்தது.

2024 ஜனவரியில் மறுபடி உள்ளே போன ரான் திரும்பவில்லை. தேடியும் கிடைக்கலை. ஆனால் முன்பு அது கொண்டுவந்த படங்கள் பத்திரமாக இருக்கின்றன. மேலே அசையாததுபோல் தோன்றும் பனிக்கு அடியில் என்ன நடக்குதுன்னு நமக்குக் காட்டுவது அவைதான்.