பானெட்டுக்கு அடியில் எவ்வளவு தண்ணீர்?

காரின் பானெட்டுக்கு அடியில் உள்ள எஞ்சின் அறை, மழைச் சாலையில் சக்கரங்கள் வாரி இறைக்கும் சேற்றுநீரைத் தாங்கும்படியே அமைக்கப்படுகிறது. ஆகவே அதன்மேல் நீர் படவே கூடாது என்று அஞ்சுவதற்கில்லை. எனினும் கீழிருந்து தெறித்து வழிந்துவிடும் நீரும், வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் மேலிருந்து பீய்ச்சியடிக்கப்படும் நீரும் ஒன்றல்ல. எஞ்சினைப் பாதுகாப்பாகக் கழுவும் முறைகள் எல்லாம் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

மின்பாகங்களின் உறைக்குள் தூசியும் நீரும் எந்த அளவு புக முடியும் என்பதை ‘ஐபி’ என்னும் குறியீட்டின் இரண்டு இலக்கங்கள் காட்டுகின்றன; முதல் இலக்கம் தூசிக்கும் இரண்டாவது நீருக்கும் உரியது. ஐபி 67 தகுதி பெற்ற கப்ளர், அதாவது வயர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பிளாஸ்டிக் இணைப்பு, 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் கெடுவதில்லை. ஆனால் அந்த ஆழத்தில் நீர் தரும் அழுத்தம் ஏறத்தாழ 0.1 பார் மட்டுமே. உயர் அழுத்தப் பம்போ 100 பார் அளவுக்குக்கூட நீரை உந்தக்கூடியது. குழாய் முனையிலிருந்து விலக விலக அதன் விசை தணியும் என்றாலும், அருகில் பிடித்து அடித்தால் ரப்பர் வளையத்தின் விளிம்பை ஒதுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்துவிடும். அத்தகைய தாரையைத் தாங்கும் பாகங்களுக்கென 69 என்ற தனித் தகுதி உண்டு. எஞ்சின் அறையில் உள்ள எல்லாப் பாகங்களும் அதைப் பெற்றவை அல்ல. இவையும் புதிய பாகங்களுக்குரிய கணக்கே. பல ஆண்டு வெப்பத்தில் இறுகிப்போன ரப்பருக்கும் எலி கடித்த வயருக்கும் எந்தக் குறியீடும் காவல் ஆகாது.

அழுத்தத்தைவிட மறைவாகத் தீங்கு செய்வது வெப்பம். ஓடி நின்ற எஞ்சினின் கூலன்ட் 90 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும்போது, எரிந்த புகையை வெளியேற்றும் உலோகக் குழல் பல நூறு டிகிரி வரை சூடேறியிருக்கக்கூடும். அதன் ஒரு பக்கத்தில் மட்டும் குளிர்நீர் பட்டால், அப்பக்கம் சட்டெனச் சுருங்க, மறுபக்கம் விரிந்தபடியே நிற்க, உலோகம் கோணவோ விரிசல் விடவோ செய்யலாம். கண்ணுக்குப் புலப்படாத இன்னொரு நிகழ்வும் உண்டு. கப்ளர்களுக்குள் அடைபட்டுள்ள சூடான காற்று, மேலே குளிர்நீர் பட்டவுடன் சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைவதால், வெளியே தேங்கி நிற்கும் நீரை ரப்பர் வளையத்தைத் தாண்டி அந்த உறையே உள்ளிழுத்துக்கொள்கிறது. நீரை எவ்வளவு மெதுவாக ஊற்றினாலும் இது நேரக்கூடும் என்பதால், எஞ்சின்மீது வெறுங்கையை வைத்து எடுக்காமல் இருக்க முடிகிற வரை காத்திருப்பதே முறை. அந்த இளஞ்சூடு எண்ணெய்ப் பிசுக்கை இளக்கவும் உதவும்.

பிசுக்கைப் போக்க டீசலையோ மண்ணெண்ணெயையோ தெளிக்கும் வழக்கம் கைவிடத்தக்கது. ரேடியேட்டர் ஹோஸ்கள் பெரும்பாலும் நீரின் வெப்பத்தைத் தாங்கும் ஒருவகை ரப்பரால் ஆனவை; அந்த ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பி வலுவிழக்கும்; தீப்பற்றும் அபாயமும் உடன் இருக்கிறது. காஸ்டிக் சோடா போன்ற கடுங்காரம் கலந்த கரைசல்கள் அலுமினியத்தின் காப்புப் படலத்தைக் கரைத்துச் சாம்பல் நிறத் திட்டுகளை விட்டுச்செல்லும். கார்களுக்கென விற்கப்படும் மிதமான டிகிரீசரை, அதாவது பிசுக்கு நீக்கியை, புட்டியில் சொல்லியுள்ள அளவு நீரில் கலந்து பயன்படுத்துவதே போதுமானது.

வேலையின் பெரும்பகுதி நீரில்லாமலே முடியக்கூடியது. முன்கண்ணாடியின் அடியில், வைப்பர் அருகே, மரநிழலில் நிற்கும் கார்களில் வேப்பஞ்சருகும் புளியஞ்சருகும் சேர்ந்து வடிகால் துளைகளை அடைத்திருக்கும். அவற்றை முதலில் அள்ளிவிட்டு, தூசியைப் பிரஷால் தட்டி எடுக்க வேண்டும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுவது நல்லது. பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனர் காரின் உடம்பில் பட்ட கணமே மின்சுற்று குறுகித் தீப்பொறி பறக்கும். மின்சாரம் உற்பத்தி செய்யும் ஆல்டர்னேட்டர் காற்றோட்டத்துக்காகத் திறந்த துளைகளை உடையது; அதையும், ஏர் ஃபில்டரின் வாயையும், பியூஸ் பாக்ஸையும், ஸ்பார்க் பிளக்கின் மேலுள்ள காயில்களையும் பாலிதீன் உறையால் மூடிய பின், டிகிரீசரைத் தெளித்து, சில நிமிடம் ஊறவிட்டு, அது காயும் முன் பிரஷால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தோ கைத்தெளிப்பானால் மெல்ல அலசியோ எடுக்கலாம். ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் காய்ந்தால் வெள்ளைத் தடம் விடும் ஊர்களில் துணியே மேலானது. ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற உறையிட்ட கேபிள்கள் உயர் மின்னழுத்தம் கொண்டவை. அங்கே உரிமையாளர் கைவைக்காமல் இருப்பதே சரி.

உலர்த்துவதில்தான் பலர் அவசரப்படுகின்றனர். ஸ்பார்க் பிளக் அமர்ந்திருக்கும் குழியில் நீர் தேங்கினால், பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் பிளக்கின் முனைக்குப் போகாமல் ஈரத்தின் வழியே கசிந்து, அந்தச் சிலிண்டரில் எரிதல் தவறும். எரியாத எரிபொருள் புகை வடிப்பானுக்குச் சென்று அங்கே எரிந்து அதையும் பாழாக்கும். ஆகவே புளோயரால் இடுக்குகளின் நீரை ஊதி வெளியேற்றி, உறைகளை அகற்றி, எல்லாம் காய்ந்ததைப் பார்த்துப் பேட்டரியை இணைத்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். பளபளப்பு வேண்டுவோர் நீர் சார்ந்த பூச்சைப் பிளாஸ்டிக்கிலும் ஹோஸிலும் மட்டும் தடவலாம். பெல்ட்டில் பட்டால் அது வழுக்கும்.

கழுவியதன் உண்மையான பயன் சில வாரம் கழித்தே தெரியவரும். அழுக்கு மூடிய எஞ்சினில் கண்டறிய முடியாத ஆயில் கசிவு, துடைத்த பரப்பில் புதிய ஈரமாகத் துலங்கும். கசிந்த ஆயில் கீழ்நோக்கி வழிவதோடு, ஓடும்போது காற்றில் பின்னோக்கியும் பரவுவதால், சொட்டும் இடத்தை விட்டுவிட்டு ஈரம் தென்படும் மிக உயர்ந்த இடத்தைத் தேட வேண்டும். கழுவுதல் பழைய தடயத்தை அழித்துவிடும் என்பதால், முன்கூட்டியே கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நலம். பழைய கார் வாங்கச் செல்வோர், அன்றுதான் கழுவியதுபோல் மின்னும் எஞ்சினைக் கண்டால், அதைச் சில நாள் ஓட்டவிட்டு மீண்டும் ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்க்கக் கேட்பதில் தவறில்லை.